ஒரு பக்கம் கறுத்த போத்தல்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு புடவைக்கடையின் மாடியில் இருக்கிறது ஜூட் மரியநாயகத்தின் ஒப்பிஸ். வாசல் பலகையில் ‘துப்பறியும் நிலையம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், அந்தப் படியேறி வருகிற வழக்கெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு முன்பு ஏதும் தொடுப்பு இருந்ததா என்கிற கலியாண விசாரணைதான். ஆகவே அன்று காலை முக்காட்டை இழுத்துவிட்டபடி ஸவாஹிரா உள்ளே வந்ததும், மகளுக்கு வரன் வந்திருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜூட் சிரித்த முகத்தோடு கதிரையை இழுத்துப் போட்டான்.

"எங்கட மனுசன நேத்துப் பின்னேரம் பொலிஸ் கொண்டு போயிட்டாங்க," என்றாள் அவள்.

"சிரிப்ப மடிச்சு வைங்க சேர், இது கலியாணக் கேஸ் இல்ல," என்று உதவியாளர் ரொஷானி மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முணுமுணுத்தாள். ஜூட்டிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் வாய் ஓய்ந்ததில்லை. சம்பளத்தை விட அதுதான் ஒழுங்காக நடந்து வந்தது.

ஸவாஹிரா சொன்ன கதை இதுதான். அவள் கணவர் றவூப் பெரகல சந்தியில் பாமசி வைத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் றோசாலிக்குக் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. அட்டை கடித்த வடு என்று அவளும் நினைத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் அப்படியே நினைத்து நீல மருந்தைத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக் காட்டில் வேலை செய்கிற காலில் அட்டை வடு இல்லாமல் இருந்தால்தானே அதிசயம்! அது தோலில் வருகிற புற்றுநோய் என்று தெரிந்தபோது தொடையிடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி ஏறிவிட்டது. கோயில்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களும் சேர்ந்து கைகொடுக்க, றவூப்தான் கொழும்பு ஏஜென்ட் மூலம் ஊசி மருந்தை வரவழைத்தார். முதல் ஊசியில் கட்டி பாக்கு அளவுக்குச் சுருங்கியது. இரண்டாவது ஊசிதான் நேற்று.

"ஊசியில ஏத்த எடுத்தா, மருந்து திரிஞ்ச பால் மாதிரி இருந்திச்சாம். கள்ள மருந்து எண்டு டொக்டர் எழுதிட்டா. அந்தப் பொம்புளட மகன் ஜீவன் ஆள் சேத்துக்கொண்டு வந்து கடைய அடிச்சு நொறுக்கிட்டான். எங்கட மனுசன்ட சேட்டப் புடிச்சு இழுத்து, வீடியோ எடுத்துப் பேஸ்புக்கிலயும் போட்டிட்டான்."

"றவூப் நானா மருந்து மாத்தியிருக்க மாட்டார்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

ஸவாஹிரா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "காலாவதியான பனடோல் ஒண்ட வித்திட்டார் எண்டு அந்த ஆள் வீடு தேடிப் போய் வாங்கி வந்த மனுசன் அவர். தம்பி, ஒண்டு யோசிங்க. அந்தம்மாவுக்கு இந்த வாரத்துக்குள்ள வேற மருந்து ஏத்தணுமாம். ஏஜென்ட் அனுப்புறது அவர்ட பேருக்கு மட்டும்தான். அவர் உள்ள கிடந்தா அந்தம்மா செத்துப் போவா. நாளைக்குக் காலையில கோட்டுக்குக் கொண்டு போனா, எப்ப வெளியில வருவாரெண்டு யாருக்குத் தெரியும்?"

ஜூட் கதிரையை விட்டு எழுந்தான். ரொஷானி தன் பழைய ஆல்டோ காரின் சாவியை ஏற்கெனவே கையில் எடுத்திருந்தாள்.

* * *

நகரத்தின் மேட்டுத் தெருவில் இருந்தது அந்தத் தனியார் கிளினிக். டொக்டர் அம்மாவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன. தாதி நிலுக்ஷி குளிர்ப்பெட்டியைத் திறந்து, பொலிஸ் பின்னேரம் எடுத்துப்போக இருந்த அந்தச் சின்னக் கண்ணாடிப் போத்தலைக் கையுறையோடு தூக்கிக் காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் செதில்கள் மிதந்தன.

"மூடியப் பாருங்க," என்றார் டொக்டர். "பிளாஸ்டிக் உருகி நெளிஞ்சிருக்கு. சூடாக்கிக் கழட்டி, உள்ள எதையோ ஊத்தி, திரும்ப ஒட்டியிருக்கான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஆள் முன்னால நின்னிருந்தா நானே அடிச்சிருப்பேன்."

"இந்த மருந்து என்ன செய்யும் டொக்டர்? எங்களுக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க."

"நோயாளிகளுக்குச் சொல்ற மாதிரியே சொல்றேன். நம்ம உடம்புக்குள்ள ஒரு பட்டாளம் இருக்கு. கிருமி வந்தா வெட்டிப் போடுற பட்டாளம். புற்று அத ஏமாத்தும். ‘நான் உங்க ஆள்தான், சும்மா இரு’ன்னு சொல்லி அதுட பிரேக்க மிதிச்சிக்கிட்டே இருக்கும். இந்த மருந்து புற்ற நேரா கொல்லாது. பிரேக்க மிதிக்கிற கால எடுத்து விடும், அவ்வளவுதான். பிறகு பட்டாளமே எழும்பிச் சண்ட போடும்."

"எங்க தோட்டத்து யூனியன் தலைவர்மாருக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்களேன்," என்றாள் ரொஷானி.

டொக்டர் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் வேலை செய்யாது. றோசாலிக்குச் செஞ்சிச்சி. எழும்பின வேகத்துல பட்டாளம் நம்ம ஆளையும் கொஞ்சம் வெட்டும், உடம்பெல்லாம் தடிக்கும், வயித்தால போகும். அதெல்லாம் அவங்களுக்கும் வந்திச்சி. அடக்கிறதுக்கு மாத்திரை குடுத்தோம். அப்பிடிப் பிடிச்ச மருந்த இப்பிடி ஒருத்தன் கெடுத்திட்டானே!"

ஜூட் போத்தலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேபிளின் ஒரு ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. மூடியும் அந்தப் பக்கம் மட்டும்தான் நெளிந்திருந்தது. அதே பக்கத்தில் கண்ணாடியில் மெல்லிய கறுப்புப் படலம். மற்றப் பக்கம் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

"டொக்டர், தண்ணிய அடுப்புல வச்சா திரியுமா?"

"அதெப்பிடித் திரியும்?"

"கள்ள மருந்து செய்றவன் உள்ள என்ன ஊத்துவான்? தண்ணி, மிஞ்சினா உப்புத் தண்ணி. நீங்க எவ்வளவு சூடு காட்டினாலும் தண்ணி தண்ணியாவே இருக்கும். பால்தானே திரியும்? முட்டைதானே வெந்தா கட்டியாகும்? இந்த மருந்தும் அந்தச் சாதியா?"

டொக்டரின் முகம் மாறியது. "ஆமா," என்றார் குரல் இறங்கிப்போய். "இதுவும் புரதம்தான்."

"அப்ப இது திரிஞ்சதே இது நல்ல மருந்துங்கிறதுக்குச் சாட்சி. யாரும் மாத்தல்ல. யாரோ சுட்டிருக்காங்க."

நிலுக்ஷி, ஐஸ் வைத்து மருந்து வந்த வெள்ளை ரெஜிபோம் பெட்டியை எடுத்து வந்தாள். ரொஷானி மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். விட்டவள் அப்படியே நின்றாள்.

"சேர், பெட்டிக்குள்ள திருவிழா நடந்திருக்கு. சூட வாசம் கும்முனு அடிக்குது."

ஜூட்டும் மோந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, கற்பூரம்தான். போத்தலின் கறுப்புப் படலமும் கற்பூரக் கரி என்று அப்போது புரிந்தது.

"றவூப் நானா கடையில சூடம் கொளுத்துவாரா?" என்றான்.

"தொழுகைக்குப் போற மனுசன் சேர். றோசாலியம்மா மாதா படத்துக்கு மெழுகுதிரி ஏத்துறவங்க." ரொஷானி விரலை மடித்தாள். "பெட்டிய இங்க கொண்டு வந்தது யாரு மிஸி?"

"அவங்க வீட்டுக்காரர் கணபதி," என்றாள் நிலுக்ஷி. "அம்மாவும் மகனும் ரத்தப் பரிசோதனைக்கு மொத பஸ்ஸிலயே வந்திட்டாங்க. அவர் பாமசி தொறந்த பிறகு பெட்டிய வாங்கிட்டுத் தனியா வந்தார். பாவம், நல்லா லேட்டாகி ஓடி வந்தார். பஸ் கெடைக்கல்லன்னு சொன்னார்."

* * *

பெரகலையில் றவூப்பின் கடை வாசல் முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அவற்றைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் கார் இறங்கியது. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளின் வாசலிலேயே ஜீவன் மறித்துக்கொண்டு நின்றான். கொழும்பில் உணவகம் ஒன்றில் வேலை செய்கிற பையன், அம்மாவுக்காக லீவு போட்டு வந்திருந்தான். ஜூட் வந்த காரியத்தைச் சொன்னதும் சீறினான்.

"அந்தக் கள்ளனுக்கு வக்காலத்து வாங்கவா வந்தீங்க? என் வீடியோவ ஊரே பாத்திருச்சி. இனி இலங்கையில எவனும் அவன்கிட்ட மருந்து வாங்க மாட்டான்."

"பெரிய சாதனதான் தம்பி," என்றாள் ரொஷானி. "கொஞ்சம் வழி விட்டா அதுக்கொரு மாலையும் போட்டுட்டுப் போறோம்."

உள்ளே றோசாலி கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். தலைமாட்டில் மாதா படம். "வாங்க, உக்காருங்க," என்றாள். கணபதி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்துத் தொழிலாளியின் கைகள், மணிக்கட்டெல்லாம் தழும்பு. அந்தக் கைகள் ஒன்றையொன்று விடாமல் பிசைந்துகொண்டிருந்தன.

ஜூட் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். கதவுக்கு மேலே ஆணியில் கவ்வாத்துக் கத்தி தொங்கியது. அதன் பிடியில் சந்தனமும் குங்குமமும் இன்னும் உதிராமல் இருந்தன.

"இப்ப கவ்வாத்து நடக்குதாண்ணே?" என்று சாதாரணமாகக் கேட்டான்.

"இல்லீங்க. அதுக்கு இன்னும் நாளு இருக்கு."

"வேலைக்குப் போறீங்களா?"

"எங்கங்க போறது? அவ படுத்ததுலேருந்து லீவு."

"அப்ப வேலையில்லாத கத்திக்கு எதுக்குப் புதுப் பொட்டு?"

கணபதியின் கைகள் நின்றுவிட்டன. அவர் மனைவியைப் பார்க்கவில்லை, மகனைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் வெளிய வாங்க ஐயா," என்று எழுந்தார்.

லயத்துக்கு மேலே, தேயிலை மலையின் திருப்பத்தில் ஒரு மரத்தடியில் கல் ஒன்று நட்டிருந்தது. கவ்வாத்துச் சாமி. கவ்வாத்துத் தொடங்குகிற நாளில் கத்திகளையெல்லாம் அங்கே அடுக்கி, பொட்டு வைத்து, சூடம் காட்டித்தான் எடுப்பார்கள். ஜூட்டும் தோட்டத்தில் பிறந்தவன்தான். மாதா கோயில் பிள்ளையாக இருந்தும் அந்தப் படையலில் தேங்காய்ச் சில்லுக்குக் கை நீட்டியவன். கல்லின் முன்னால் கிடந்த தட்டில் கற்பூரம் எரிந்த கறுப்பு வட்டத்தை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"டொக்டர் அம்மாதான் ஐயா சொன்னாங்க," என்று தொடங்கினார் கணபதி. "ஒடம்புக்குள்ள பட்டாளம் இருக்கு, இந்த மருந்து போயி அத எழுப்பி விடும், அது புத்த வெட்டும்னு. எனக்கு நல்லா வெளங்குச்சி. மொத ஊசி போட்டு கட்டி சுருங்குனப்ப நான் அழுதேன். அப்புறம் அவளுக்கு மேலெல்லாம் தடிச்சி, வயித்தால போயி, எந்திரிக்க முடியாம கெடந்தா. என்னான்னு கேட்டா, பட்டாளம் நம்ம ஆளையும் வெட்டுதுன்னாங்க. நம்ம ஆளையே வெட்டுற கத்தி எந்தக் கத்தி ஐயா? சாமிக்குக் காட்டாம எடுத்த கத்திதானே? எங்க அப்பன் ஒரு தடவ காட்டாம எடுத்து, தன் காலையே வெட்டிக்கிட்டாரு."

ரொஷானி குனிந்து அந்தத் தட்டைக் கையில் எடுத்தாள்.

"அதனால ரெண்டாவது மருந்தக் காட்டிட்டீங்க," என்றான் ஜூட்.

"போத்தல மட்டும் வச்சா சாமிக்கு என்னான்னு வெளங்காதேன்னு கத்தியையும் பக்கத்துல வச்சேன். ஒரே தட்டுலதான் சூடமும் கொளுத்துனேன். நல்லா எரியட்டும்னு நெறைய போட்டேன். அவ புள்ளத்தாச்சியா இருந்தப்பகூட நான் அப்பிடிக் கும்பிட்டதில்ல. மூடி லேசா நெளிஞ்சிச்சி, தொடச்சி ஐஸுல வச்சிட்டேன். டொக்டர் அம்மா தூக்கிப் புடிச்சப்பதான் பாத்தேன்..." அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "அவங்க கள்ள மருந்துன்னு கத்துனாங்க. மகன் பாமசிக்காரன்னு கத்துனான். நான் வாயத் தொறக்கல்ல. தொறக்க முடியல்ல ஐயா."

"றவூப் நானாவ அடிக்கும்போதும் பக்கத்துல நின்னீங்களா?"

"நின்னேன்."

ஜூட்டுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கண் முன்னால் அழுகிற மனிதனை வைத்துக்கொண்டு கோபப்படுவதும் பெரிய வேதனை. "பொலிஸ்ல வந்து இதச் சொல்லணும்ணே," என்றான் வறண்ட குரலில்.

"சொல்றேன். எங்க வேணா சொல்றேன். அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவ தாங்க மாட்டா."

திரும்பி வந்தபோது றோசாலி மகனைத் தண்ணீர் எடுக்க அனுப்பியிருந்தாள். கணபதி வாசலிலேயே நின்றுவிட்டார். ஜூட் என்ன பொய் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவளே பேசினாள்.

"கல்லுகிட்ட கூட்டிட்டுப் போனாரா?"

ஜூட் திகைத்துப் போனான். "உங்களுக்குத் தெரியுமா?"

"கிளினிக்குல மிஸி பெட்டியத் தொறந்தவொடனே சூட வாசம் வந்திச்சிங்க. கலியாணம் கட்டுன நாள்லேருந்து அவரு சட்டையில வர்ற வாசம் எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடையவில்லை, அதுதான் கேட்கக் கொடுமையாக இருந்தது. "நான் சொல்லியிருந்தா இன்னேரம் அந்தக் கத்தியவே கழுத்துல வச்சிருப்பாரு. என்னைய மாதிரிச் சாகப் போறவளுக்காக அவரு எதுக்குச் சாகணும்?"

"அதுக்காக இன்னொருத்தி வீட்டுக்காரர் உள்ள கெடக்கலாமாம்மா?"

றோசாலி போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். "கெடக்கக் கூடாது. தெரியும். நேத்துலேருந்து மாதாவப் பாத்துக் கும்பிட எனக்கு வாய் வரல்ல." பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "இந்தாங்க, உள்ள வாங்க. சட்டைய மாத்திக்கிட்டு இவங்க கூடப் போயிட்டு வாங்க. போயி உள்ளதச் சொல்லுங்க. ராவைக்குச் சாப்பிட வந்திரணும், கேட்டுச்சா?"

கணபதி வாசற்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். தண்ணீர்க் குடத்தோடு வந்த ஜீவன், எதுவும் புரியாமல் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குச் சொல்லவேண்டிய வேலை ரொஷானிக்கு வாய்த்தது. முதல் தடவையாக அவள் ஒரு பகிடியும் இல்லாமல் பேசினாள்.

* * *

பொழுது சாய்கிற நேரத்தில் பதுளைப் பொலிஸ் நிலையத்து வாசலில் றவூப் வெளியே வந்தார். சட்டைப் பொத்தான்கள் அறுந்திருந்தன, கன்னம் வீங்கியிருந்தது. டொக்டர் அம்மா போனிலேயே தன் அறிக்கையைத் திருத்திச் சொல்லியிருந்தார். கணபதி உள்ளே வாக்குமூலத்துக்குக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக முடிந்தது என்று ஜூட் மூச்சு விட்டான். விட்ட மூச்சு பாதியில் நின்றது. காரணம், ஸவாஹிரா அழுதுகொண்டிருந்தாள். சந்தோச அழுகை இல்லை அது.

"ஏஜென்டுக்குப் பேசினேன்," என்றாள். "வீடியோ அவன்ட கையிக்கும் போயிட்டுது. கள்ள மருந்துக்காரன்ட பேருக்கு இனி ஒண்டும் அனுப்ப மாட்டானாம். பொலிஸ் விட்டாலும் சரிதானாம், கொம்பனிட பேர் கெட்டுப் போகுமாம். இந்தப் பக்கத்தில வேற ஒருத்தரும் அந்த மருந்த எடுத்துக் குடுக்கிறதும் இல்ல."

ஆல்டோவின் அருகே நின்ற ஜீவன் போனை எடுத்துப் பதறப் பதற வீடியோவை அழித்தான். "அழிச்சிட்டேங்க்கா, இந்தா பாருங்க, அழிச்சிட்டேன்."

"உன்ட போன்ல அழிச்சிட்டாய்," என்றாள் ஸவாஹிரா. "ஊர்ட போன்ல?"

ரொஷானி தன் போனை ஜூட்டிடம் நீட்டினாள். யார் யாரோ பகிர்ந்து, யார் யாரோ அதன் மேல் சாபம் எழுதி, வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. "சேர், அப்பா கெடுத்தது ஒரு போத்தல்," என்றாள் மெதுவாக. "மகன் கெடுத்தது மருந்து வர்ற பாதையவே." ஜீவனுக்கும் அது கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

றவூப் வாசற்படியில் உட்கார்ந்தார். ஸவாஹிரா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். உடைந்த கடையிலிருந்து எடுத்து வந்திருந்த வெற்று ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"கொழும்பு பஸ் எத்தன மணிக்கு தம்பி?"

"எதுக்கு?" என்றான் ஜூட்.

"அவன்ட ஒப்பிஸ் வாசல்ல போய்க் குந்தப் போறேன். பொலிஸ் கடதாசியக் காட்டுவேன், டொக்டரப் பேச வைப்பேன். மருந்து தராம எழும்ப மாட்டேன்."

ஜீவன் அவள் முன்னால் வந்து நின்றான். "எங்கம்மாவுக்காகவா?"

ஸவாஹிரா அவனை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "உங்கம்மாவுக்காக இல்ல. அவட கட்டி கரையோணும். எங்கட மனுசன் குடுத்தது நல்ல மருந்துதான் எண்டு அவட உடம்பு இந்த ஊருக்குச் சொல்லோணும். நீ போட்ட வீடியோவுக்குப் பிறகு எங்களுக்கு வேற சாட்சி மிச்சமில்ல."

ஜீவன் பெட்டியைத் தூக்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அதை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.